ஈயக்கல் என்று நீட்டினால்...

கூரைத் தகரத்துக்கு நாகப் பூச்சு வேண்டும். வாகன பற்றரிக்கு ஈயம் வேண்டும். மீன் வலையில் கட்டும் குண்டும் ஈயம்தான். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை இவ்விரு உலோகங்களும் ஏதோ ஒரு வடிவில் விலைபோகாத கடைத்தெரு இல்லை. எனவே "எங்கள் காணியில் ஈயக்கல் கிடக்கிறது, பங்குக்கு வாருங்கள்" என்று ஒருவர் மின்னும் கல்லொன்றை நீட்டினால் வியாபாரிக்கு ஆசை பிறப்பது இயல்பே. முற்பணம் கைமாறுவதற்கு முன் அந்தக் கல்லைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

முதலில் பெயர்க் குழப்பம். நமது நாட்டில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படும் காரீயம் ஈயமல்ல. பென்சிலுக்குள் இருக்கும் பொருள் அது. காக்காப்பொன் நன்றாக மின்னும், ஆனால் நகம் பட்டாலே தாள் தாளாக உரியும். திருக்கோவில் கரையில் அலை ஒதுக்கும் கறுப்பு மணல் பாரமானதுதான். அதிலுள்ள இல்மனைட்டில் இருப்பது தைத்தேனியம். ஈயத்தின் தாதுவான கலீனா உடைக்கும்போது சின்னஞ்சிறு பெட்டிகளாக உடையும். நீரைப்போல ஏழரை மடங்கு பாரம் என்பதால் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். சாதாரண பாறை 2.7 மடங்குதான். நாகத்தின் தாதுவான ஸ்பெலரைட் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், 4 மடங்கு பாரம்.

சரி, கல் உண்மையான கலீனாதான் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான கலீனாவில் 86 வீதத்துக்கும் அதிகமாக ஈயம் உண்டு. ஆனால் அது பாறையில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கோடாக ஓடுகிறதென்றால், அதை எடுக்க ஆள் நின்று வேலை செய்ய ஒரு மீற்றர் அகலமாவது உடைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உடைத்த ஒரு தொன் கல்லில் ஈயம் சுமார் 24 கிலோதான் தேறும். அந்தக் கோடும் பத்தடி தூரத்தில் மறைந்துவிடலாம். கையிலிருக்கும் கல் இதைச் சொல்லாது.

பெரும்பாலான நாக, ஈயப் படிவுகள் உலோகம் கரைந்த சூடான உப்பு நீர் பழைய கடலடியிலோ சுண்ணக்கல்லிலோ கந்தகத்தைச் சந்தித்துப் படிந்தவை. நம் கிழக்குக் கரையோரம் அமைந்திருப்பது விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறையின் மேல். கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மடிந்து பிசையப்பட்ட அத்தகைய பாறையில், தாது இருந்தாலும் அது நேராக ஓடும் என்று நம்பமுடியாது.

அதற்காக உருமாறிய பாறையில் ஒன்றுமே கிடையாது என்பதல்ல. இந்தியாவின் ராஜஸ்தானில் ராம்புரா ஆகுச்சா அத்தகைய பாறையில்தான் இருக்கிறது. படிவின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். தாதுவில் சுமார் 13 வீதம் நாகமும் 2 வீதம் ஈயமும் இருந்தன. 1977இல் கண்டுபிடிக்கப்பட்டும், துளையிட்டு அளந்து சுரங்கம் திறக்க 1991 ஆயிற்று. மறுபக்கம், நமது திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் செம்பும் இரும்பும் கலந்த தாது 1971இல் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அங்கு செப்புச் சுரங்கம் எழவில்லை.

ஆகவே பங்கு கேட்பவரிடம் கல்லைக் கேட்காதீர்கள். எத்தனை துளை இட்டார்கள், எவ்வளவு ஆழம், துளைக்குத் துளை எவ்வளவு தூரம், மாதிரியை எந்த ஆய்வுகூடம் சோதித்தது, மொத்தம் எத்தனை தொன் என்று கேளுங்கள். பதில் காகிதத்தில் வரட்டும்.

அனுமதிப்பத்திரத்தையும் கேட்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி நிலத்தடிக் கனியங்கள் அரசுக்குரியவை. காணி உறுதி கையிலிருப்பதால் மட்டும் தாது சொந்தமாகாது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் ஆய்வுக்கு ஒன்று, அகழ்வுக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று, கொண்டுசெல்ல ஒன்று என அனுமதியைத் தனித்தனியே வழங்குகிறது. ஆய்வுக்கான பத்திரத்தைக் காட்டி "சுரங்கம் கிடைத்துவிட்டது" என்பவரிடம் மற்ற மூன்றும் எங்கே என்று கேட்கலாம்.