மரபும் மாற்றமும்

திருப்பூர் மாவட்டத்து அவிநாசி, முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட திருத்தலம். திருக்கோயில் வழிபாட்டில் தமிழ் பழமரபா, புதுமையா என ஐயுறுவார்க்குத் தஞ்சைப் பெரியகோயில் விடை பகரும். அங்குத் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை முதலாம் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டு உரைக்கின்றது.

அக்கோயிலிலேயே 2020ஆம் ஆண்டுக் குடமுழுக்கை எம்மொழியில் நடத்துவது என வழக்கு எழுந்தது. தமிழ், வடமொழி இரண்டிலும் நடத்துவதாக அறநிலையத்துறை அளித்த உறுதியை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்றது. பிப்ரவரி 5ஆம் நாள் அவ்வாறே விழா நிகழ்ந்தது. ஆகமம் விலக்கப்படவில்லை, திருமுறையும் புறத்தே நிற்கவில்லை.

ஒரு வழக்கை அகற்றாமல் மற்றதற்கும் இடமளிப்பதே பிணக்கைத் தீர்க்கும் நெறி. ஓதுவார் பாடுங்கால் அன்பர்கள் சற்றே நின்று செவிமடுப்பார்களாக. கேட்பார் உளராயின் மரபு வாழும்.