எஞ்சின் எண்ணெய் மாற்றப்பட்டதா?

பட்டறையிலிருந்து ஜீப் திரும்புகிறது. எண்ணெய் மாற்றியதாக ரசீதும் உண்டு. ஆயினும் அளவுக் கம்பியில் எண்ணெய் கரியதாய் இருத்தலைக் கண்டு ஓட்டுநர் ஐயுறுகிறார். பெட்ரோல் எஞ்சினாயின் இவ்வையம் பொருந்தும். அதில் புதிய எண்ணெய் சிறிது காலம் தேன் நிறத்திலேயே இருக்கும். டீசல் எஞ்சினிலோ நிறத்தைக் கொண்டு பழி சுமத்தலாகாது. உள்ளே எஞ்சிய பழைய எண்ணெயும் புகைக்கரியும் கலந்து, சிறிது நேர ஓட்டத்திலேயே புதிய எண்ணெயைக் கறுக்கச் செய்யும். கரியைப் படியவிடாது மிதக்கவைப்பது அவ்வெண்ணெயில் சேர்க்கப்பட்ட பொருள்களின் வேலையே. எண்ணெயின் மட்டமும் சான்றாகாது. பழையதன்மேல் சிறிது ஊற்றினாலும் மட்டம் உயருமன்றோ? வண்டியை ஒப்படைக்குமுன் எண்ணெய் வடிகட்டியின் வெளிப்புறத்தில் சிறு வண்ணப் புள்ளி இடலாம். திரும்பியபின்னும் அப்புள்ளி காணப்படின், வடிகட்டி மாற்றப்படவில்லை என்பது தெளிவு. எண்ணெயைப் பற்றி உறுதி வேண்டுவோர், அடித்தொட்டியின் திருகைக் கழற்றும்போது உடனிருந்து காணல் வேண்டும்.