பூவரசும் காட்டுப்பூவரசும்

பூவரசு என்றால் பிள்ளைகளுக்கு இலையைச் சுருட்டி ஊதுகிற பீப்பீதான் ஞாபகம் வரும். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர்களுக்கு இது நல்லாவே தெரிந்த மரம். வாவி ஓரத்து வளவுகளில் வேலிக்கு நிற்கும். இலை அரசிலை மாதிரி. பூ மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. பொழுது சாய்ந்தால் பூவே சிவந்து போகும். செம்பருத்திக் குடும்பம். குழை ஒடித்து ஆட்டுக்குப் போடலாம், பயமில்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நீலகிரிக்குப் போனவர்களிடம் கேட்டால், அங்கே காட்டுப்பூவரசு என்று ஒன்றைக் காட்டுவார்கள். பெயரில்தான் பூவரசு, மரம் வேறு. இலை நீளமாக, தடிப்பாக இருக்கும். பூ கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்பு. ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரன் என்பது இதைத்தான். இதே இனம் நம் ஹோர்ட்டன் சமவெளியிலும் நிற்கிறது; சிங்களத்தில் மகரத்மல். ஸ்கொத்லாந்து மலைகளை ஊதா நிறமாக்குகிற ஹெதர் புதரும் இந்தக் குடும்பம்தான். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் துரை அந்த நாட்டுக்காரர். இங்கே இந்தச் சிவப்புப் பூவைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ!

நாம் கவனிக்க வேண்டியது இதன் இலையை. அதில் நஞ்சு உண்டு. "பூவரசுதானே" என்று ஆட்டுக்கு ஒடித்துப் போட்டால் வாயில் எச்சில் வடியும், கக்கும், கால் தள்ளாடும், செத்தும் போகலாம். சீட்டுப் பிடித்து வாங்கிய ஆடு என்றால் யார் தாங்குவது?

பெயரை நம்பி ஏமாறுவது வாவிக் கரையிலும் நடக்கும். தில்லை என்றால் நமக்குச் சிதம்பரம். மட்டக்களப்பில் முருகன் கோயில் உள்ள மண்டூரையும் தில்லைமண்டூர் என்பார்கள். ஆனால் சதுப்பில் நிற்கும் தில்லை மரத்தின் பால் பொல்லாதது. தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. விறகாக எரித்தால் புகையும் கண்ணைக் கெடுக்கும். உதிரும் முன் இலை சிவக்கும். அந்த அழகைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கொப்பை முறிப்பார்கள்.

லீவுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். பால் கண்ணில் பட்டால் கசக்க விடாதீர்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம். சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன மரம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.