தனிமை மிகுந்த பாதை: நெவாடாவின் 50ஆம் இலக்க நெடுஞ்சாலை

1986ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'லைப்' என்ற அமெரிக்கச் சஞ்சிகை, நெவாடா மாநிலத்து வீதியொன்றுக்கு 'அமெரிக்காவின் தனிமை மிகுந்த பாதை' எனப் பெயர் சூட்டியது. பேர்ன்லி என்ற ஊரிலிருந்து ஈலி வரையான 287 மைல், அதாவது சுமார் 460 கிலோமீற்றர் தூரத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றும், உயிர் தப்பும் திறமை உள்ளவர்கள் மட்டுமே அவ்வழியே போகலாம் என்றும் வாகன ஓட்டிகள் சங்கப் பிரதிநிதி ஒருவர் அதில் எச்சரித்திருந்தார்.

எங்கள் புவியியல் டீச்சர் உலகின் ஏதேனும் ஒரு வீதியைத் தெரிவு செய்து, அது செல்லும் நிலத்தின் குறுக்குவெட்டை வரைந்து விளக்கம் எழுதச் சொன்னபோது நான் இந்தப் பாதையைத்தான் எடுத்தேன். ஒன்றுமில்லாத இடமென்றால் எழுத வேண்டியதும் குறைவு என்பது என் கணக்கு. முதலில் கொடுத்த ஒப்படையில், "வீதியின் இரு மருங்கிலும் பயன்பாடற்ற வெற்று நிலமே உள்ளது" என்று எழுதியிருந்தேன். டீச்சர் அந்த வசனத்தின் கீழே சிவப்பு மையால், "யாருக்குப் பயன்பாடற்றது?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நெவாடாவில் புவியோடு கிழக்கு மேற்காக இழுபட்டுப் பல இடங்களில் பிளந்துள்ளது. பிளவுகளுக்கு இடைப்பட்ட பாறைத் தொகுதிகள் சில உயர்ந்து மலைத்தொடர்களாயின. சில தாழ்ந்து பள்ளத்தாக்குகளாயின. இம்மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கின்றன. வீதியோ மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. எனவே ஒரு மலையைக் கணவாய் வழியே கடந்து, நேர்கோடு போன்ற நீண்ட பள்ளத்தாக்கில் ஓடி, மீண்டும் அடுத்த மலையில் ஏறவேண்டும். என் குறுக்குவெட்டு வாளின் பற்களைப் போல வந்ததற்குக் காரணம் இதுதான். பாலன் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றரில் உள்ளது. ஈலிக்குக் கிழக்கே கொனர்ஸ் கணவாயில் வீதி சுமார் 2,350 மீற்றரைத் தொடுகிறது. இது எமது ஹோட்டன் சமவெளியை விட உயரமானது.

இவ்வளவு உயரமிருந்தும் மழை ஏன் இல்லை? பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கே உள்ள சியரா நெவாடா மலையில் ஏறும்போதே மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்குவது வரண்ட காற்று. மழை ஒதுக்கு எனப் பாடத்தில் படிப்பது இதைத்தான். மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்றின் சூட்டை அனுபவித்த கிழக்கிலங்கையருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாலனில் வருடமொன்றுக்குக் கிடைக்கும் மழை சுமார் 125 மில்லிமீற்றர் மட்டுமே. இப்பிரதேசத்தின் ஆறுகள் கடலைச் சென்றடைவதுமில்லை. கார்சன் ஆறு பாலனுக்கு அப்பால் ஓர் உவர்த் தாழ்நிலத்தில் முடிந்துவிடுகிறது.

இனிப் பாதையின் வரலாறு. 1859இல் கப்டன் ஜேம்ஸ் சிம்சன் இராணுவத்துக்காக இம்மலைகளுக்கூடாக ஒரு வழியை அளந்தார். 1860 ஏப்ரலில் ஆரம்பமான குதிரை அஞ்சல் சேவை அவ்வழியையே பின்பற்றியது. மிசூரியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கடிதங்கள் ஏறத்தாழ 10 நாட்களில் சென்றன. 1861 ஒக்டோபரில் தந்திக்கம்பி இணைக்கப்பட்டதும் அச்சேவை நின்றது. மணல்மலை என்ற பெரிய மணற்குன்றின் அருகே குதிரை மாற்றிய நிலையத்தின் கற்சுவர்கள் இன்றும் உள்ளன. 1913இல் லிங்கன் நெடுஞ்சாலை இவ்வழியே திட்டமிடப்பட்டது. 1926இல் 50 என்ற இலக்கம் கிடைத்தது.

ஊர்கள் மிகச் சில. பாலனிலிருந்து ஒஸ்டினுக்குச் சுமார் 177 கிலோமீற்றர். அங்கிருந்து யுரேக்காவுக்கு 113. பின்னர் ஈலிக்கு 124. 1862இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதால் எழுந்த ஊர் ஒஸ்டின். யுரேக்கா வெள்ளியாலும் ஈயத்தாலும் வளர்ந்தது. ஈலியைச் செம்பு வளர்த்தது. கனிமம் குறைந்தபோது சனமும் குறைந்தது.

அப்படியானால் இடைப்பட்ட நிலம் யாருடையது? நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 வீதம் மத்திய அரசுக்குரியது. கால்நடைப் பண்ணையாளருக்குச் சொந்தமாக இருப்பது பெரும்பாலும் மலையடிவாரத்தில் ஓடை இறங்கும் சிறு துண்டுதான். வைக்கோலுக்கான புல்லை அங்கே வளர்ப்பார்கள். மாடுகளோ 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சற் சட்டப்படி அனுமதி பெற்று அரச நிலத்தில் மேய்கின்றன. கோடையில் மலைகளிலும் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலும். பல இடங்களில் வேலி இல்லை. திறந்த மேய்ச்சல் நிலத்தில் வீதிக்கு வந்த மாட்டில் வாகனம் மோதினால், நட்டத்துக்கு மாட்டின் சொந்தக்காரர் பொறுப்பல்ல என்கிறது நெவாடாச் சட்டம். வெற்று நிலம் என்று நான் எழுதிய இடத்தில் வாகனத்தை விட மாட்டுக்கே உரிமை அதிகம்!

மாடுகளுக்கும் முன்னர் அங்கே மனிதர் இருந்தனர். பாலனுக்கு அண்மையிலும் ஹிக்கிசன் கணவாயிலும் பாறைகளில் பூர்வீக மக்கள் செதுக்கிய உருவங்கள் உள்ளன. மேற்கு ஷொஷோனி மக்கள் 1863இல் அமெரிக்க அரசுடன் ரூபி பள்ளத்தாக்கு உடன்படிக்கையைச் செய்தனர். பயணிகள் போகவும் தந்தி, புகையிரதப் பாதை அமைக்கவும் சுரங்கம் தோண்டவும் அதில் அனுமதித்தார்கள். நிலத்தைக் கையளித்ததாக அதில் இல்லை. பிற்காலத்தில் நிலம் பறிபோயிற்று எனக் கூறி நட்டஈடு ஒதுக்கப்பட்டபோது, நாம் விற்கவில்லை என்று அவர்கள் பணத்தை ஏற்க மறுத்தனர். ஆனால் அரச கணக்கில் பணம் வைப்பிலிட்டதே கொடுத்ததற்குச் சமம் என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதை விட இணங்கியவர்கள் ஊரை இழந்த கதை இது. இதை வாசித்த இரவு என் பழைய வசனத்தை நானே வெட்டினேன்.

'வெற்று' என்ற சொல்லின் ஆபத்தைத் தண்ணீர் விடயத்தில் தெளிவாகக் காணலாம். 1989இல் தெற்கேயுள்ள லாஸ் வேகாஸ் நகரின் நீர் அதிகாரிகள், ஈலிக்குக் கிழக்கே இவ்வீதி கடக்கும் ஸ்பிரிங் பள்ளத்தாக்கு முதலிய இடங்களின் நிலக்கீழ் நீரைக் கோரி விண்ணப்பித்தனர். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளக் குழாயால் அதைக் கொண்டுபோவது திட்டம். பள்ளத்தாக்கின் நீர்மட்டம் இறங்கினால் ஊற்றுகள் வற்றும். ஊற்று வற்றினால் புல்லும் பண்ணையும் இல்லை. பண்ணையாளரும் ஷொஷோனி, கொஷூட் மக்களும் சுற்றாடல் ஆர்வலரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். மூன்று தசாப்தங்களின் பின் 2020இல் அத்திட்டம் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதற்காகப் பண்ணையாளர்களிடம் தவறே இல்லை என்று கூறமுடியாது. யுரேக்காவுக்கு வடக்கே டயமண்ட் பள்ளத்தாக்கில் குதிரைமசால் புல்லுக்காக விவசாயிகளே அளவுக்கு மீறி நீரை இறைத்ததால் நீர்மட்டம் பல வருடங்களாக இறங்கி வருகிறது. அவர்கள் இப்போது இறைப்பைக் குறைக்கும் திட்டமொன்றுக்குக் கட்டுப்பட வேண்டியுள்ளது.

'லைப்' சஞ்சிகையின் பரிகாசத்தை நெவாடா வீணாக்கவில்லை. ஊர்தோறும் முத்திரை பதிக்கும் கையேடொன்றை அச்சிட்டுப் பயணிகளை அழைத்தது. அதே 1986இல் வீதியின் கிழக்கு முனையருகே பெருவடிநிலத் தேசியப் பூங்காவும் உருவானது. அங்கே ஆயிரக்கணக்கான வருடங்கள் வாழ்ந்த பைன் மரங்கள் இன்னும் நிற்கின்றன.

சகோதரிகளே, பாடநூலில் 'பாழ்நிலம்', 'தரிசு', 'பயன்பாடற்றது' என்ற சொற்களைக் கண்டால் உடனே மனனம் செய்து விடாதீர்கள். டீச்சரின் கேள்வியைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். நான் இரண்டாவது முறை கொடுத்த ஒப்படையில் அந்த வசனம் இப்படி இருந்தது: "வீதியின் இரு மருங்கிலும் மழை குறைந்த, வீடுகள் குறைந்த, ஆனால் ஒவ்வோர் ஊற்றுக்கும் உரிமையாளர் உள்ள நிலம் காணப்படுகிறது." இம்முறை டீச்சர் அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை, சரி அடையாளம் மட்டும் இட்டிருந்தார்.