தொலைநிலைக் கல்வியும் அங்கீகாரமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

கல்லூரி வாயிலை எல்லோரும் மிதித்துவிட முடிவதில்லை. ஆலையில் வேலை செய்வோர், வயலில் உழைப்போர், மணமாகிக் குடும்பப் பொறுப்பை ஏற்ற பெண்கள், படிப்பைப் பாதியில் நிறுத்தியோர் எனப் பல்லாயிரவர்க்குத் தொலைநிலைக் கல்வியே பட்டத்திற்கான வழியாக இருக்கிறது. வீட்டிலிருந்தபடி பாடநூலைப் படிப்பது ஒரு பகுதி. குறித்த நாட்களில் மையத்திற்குச் சென்று வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் பெறுவது மறு பகுதி. இவ்விரண்டும் சேர்ந்ததே இக்கல்வி முறை.

இத்தகைய படிப்பு ஒன்று செல்லத்தக்கது என்று எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? அங்கீகாரம் இல்லாவிடில் மாணவர் கதி என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ந்த வரலாறு

கல்லூரிக்கு வாராமலே தேர்வெழுதிப் பட்டம் பெறும் வாய்ப்பை இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் உலகெங்கும் உள்ளவர்க்குத் திறந்துவிட்டது. இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் இத்துறையில் இறங்கியது.

இங்கிலாந்தில் 1969இல் அரச சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. அறிவியல் மாணவர்களின் வீட்டுக்கே நுண்ணோக்கி உள்ளிட்ட ஆய்வுக் கருவிப் பெட்டியை அது அனுப்பி வைத்தது. கோடையில் அவர்களை ஒரு வாரம் வளாகத்திற்கு வரவழைத்து நேரிலும் கற்பித்தது. அஞ்சல் மட்டும் போதாது என்பதை அது தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

நம் நாட்டில் 1982இல் ஐதராபாத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. இக்கல்வியின் தரத்தைக் கண்காணிக்க 1991இல் தொலைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. 2013இல் அது கலைக்கப்பட்டுப் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் வந்தது. மானியக் குழு 2020 செப்டம்பரில் விரிவான விதிகளை வெளியிட்டது.

நேரில் கற்பதன் தேவை

நான் இயற்பியல் மாணவன். ஆதலால் எங்கள் ஆய்வகத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் காணும் சோதனை உண்டு. முப்பட்டக மேடையைத் திருப்பிக்கொண்டே வந்தால் தொலைநோக்கியில் தெரியும் பிளவின் பிம்பம் ஒரு திசையில் நகரும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். அது நிற்கும் இடமே சிறும விலகு கோணத்திற்கு உரிய இடம். நூலில் இது இரண்டு வரி. ஆய்வகத்தில் அந்த நிலையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. அருகில் நின்ற ஆசிரியர், “மேடையை மெல்லத் திருப்பு, கண்ணை எடுக்காதே” என்று சொன்ன பிறகே அது கைவந்தது.

எனவே, தொலைநிலைப் படிப்பின் அங்கீகாரத்தை ஆராய்வோர் அனுப்பிவைக்கும் நூலை மட்டும் பார்ப்பதில்லை. நேரில் கற்பிப்பவர் யார், எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்கிறார்கள்.

அங்கீகாரத்தின் நிபந்தனைகள்

2020ஆம் ஆண்டு விதிகளில் கண்ட முதன்மையான நிபந்தனைகளைக் காண்போம்.

முதலாவது, நிறுவனத்தின் தகுதி. ‘நாக்’ எனப்படும் தேசிய தரமதிப்பீட்டுக் குழுவிடம் 4 புள்ளிக்கு 3.01 அல்லது அதற்கு மேல் பெற்றிருக்க வேண்டும். அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுள் இடம் பெற்றிருக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனி ஏற்பாடு உண்டு.

இரண்டாவது, பாட அளவு. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்திற்கு 120 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 12 மணி நேரம், ஆசிரியரோடு கூடிய ஆலோசனை வகுப்பு. ஒப்படைப்புகளும் எழுதித் தர வேண்டும்.

மூன்றாவது, மையம். கற்போர் உதவி மையம் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனத்திலேயே இயங்க வேண்டும். தகுதி பெற்ற ஆசிரியர்களும், செய்முறை உள்ள படிப்பாயின் ஆய்வகமும் அங்கு இருக்க வேண்டும். தனியாருக்குக் குத்தகை போல மையத்தை விட்டுவிடுதல் கூடாது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் வைத்தலும் கூடாது.

நான்காவது, தேர்வு. இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காட்டிற்குக் குறையாமலும், தொடர் மதிப்பீட்டிற்கு 30 விழுக்காட்டிற்கு மேற்படாமலும் மதிப்பெண் வகுக்க வேண்டும்.

ஐந்தாவது, விலக்கப்பட்ட படிப்புகள். மருத்துவம், பொறியியல், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை முதலியவற்றைத் தொலைநிலையில் நடத்துவதற்கு அனுமதி இல்லை. உயிரோடும் உடைமையோடும் தொடர்புடைய இத்தொழில்களுக்குச் சில நாள் நேர்முக வகுப்பு போதாது அல்லவா?

இங்கே ஒரு வேறுபாட்டை அவசியம் அறிதல் வேண்டும். தரமதிப்பீடு நிறுவனத்திற்கு உரியது. அனுமதியோ ஒவ்வொரு படிப்பிற்கும், குறித்த காலத்திற்கும் தனித்தனியே தரப்படுவது. உயர்ந்த தரம் பெற்ற பல்கலைக்கழகமே ஆனாலும், அனுமதி பெறாத படிப்பை நடத்தினால் அது செல்லாது.

அங்கீகாரம் இல்லாவிடில்

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில தக்க ஒப்புதல் பெறாமலே பொறியியலைத் தொலைநிலையில் நடத்தின. அவை பின்னாளில் பெற்ற ஒப்புதலை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3ஆம் நாள் அளித்த தீர்ப்பில் ஏற்கவில்லை. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வில் வென்றால்தான் அவை உயிர் பெறும் என ஆயிற்று. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்கள் அறவே நீக்கப்பட்டன. பட்டம் பெற்றுப் பல ஆண்டு வேலை பார்த்தவர்களும் இதில் அகப்பட்டனர். விதியை மீறியது நிறுவனம். மீண்டும் தேர்வெழுத அமர்ந்ததோ மாணவர்.

மற்றொன்றும் கூறலாம். பணியிலிருந்த பயிற்சி பெறாத தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் பயிற்சி பெற வேண்டும் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 18 மாதத்தில் அப்பட்டயத்தை நடத்தியது. வழக்கமான பட்டயம் இரண்டாண்டுக்கு உரியது. இரண்டும் சமமல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்டு 10இல் பணியிலிருந்து, குறித்த கெடுவுக்குள் முடித்த ஆசிரியர்களுக்கு அப்பட்டயம் செல்லும் என்று 2024 டிசம்பரில் விளக்கம் தந்தது. அதுவரை அவர்கள் பட்ட கவலை கொஞ்சமல்ல.

நம் வீட்டு வாசலில்

இவை எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். அவருடைய சம்பளத்தில்தான் என் கட்டணம் கட்டப்படுகிறது. அவர் வணிகவியல் பட்டம் படிக்க விரும்பியபோது ஒருவர் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. மையம் என்று சொல்லப்பட்டது கடைவீதியில் மாடியிலிருந்த ஓர் அறை. “தேர்வைப் பற்றிக் கவலையே வேண்டாம்” என்றும் அவர் சொன்னார்.

அக்காவும் நானும் மானியக் குழுவின் பட்டியலைப் பார்த்தோம். பல்கலைக்கழகம் உண்மையானது, ஆனால் அதற்கு நம் மாநிலத்தில் மையம் வைக்க உரிமையில்லை. அக்கா பணம் கட்டவில்லை. இப்போது நம் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து, ஞாயிறுதோறும் ஒரு கல்லூரியில் நடக்கும் வகுப்புக்குப் போய் வருகிறார்.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் வெளியிடும் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு, நாம் சேரும் படிப்பும், சேரும் ஆண்டும் உள்ளனவா?

2. அது விலக்கப்பட்ட படிப்பா? தொழில்சார் படிப்பாயின் அதற்குரிய குழுவின் ஒப்புதல் உண்டா?

3. மையம் கல்லூரியில் உள்ளதா? பல்கலைக்கழகத்தின் மையப் பட்டியலில் அம்முகவரி இருக்கிறதா?

4. செய்முறை எந்த ஆய்வகத்தில் நடக்கும்?

5. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்கிற்குச் செல்கிறதா, இடைத்தரகர் கைக்கா?

2024 முதல் தொலைநிலையில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் பணியகத்தில் தனி அடையாள எண் பெற வேண்டும். அந்த எண் இல்லாமலே சேர்த்துக்கொள்வதாக எவரேனும் சொன்னால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

முடிவுரை

அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் நேர்முகப் பட்டத்திற்கு நிகரானதே என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு அறிவித்திருக்கிறது. ஆகவே அப்பட்டத்தைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சமமதிப்பு அங்கீகாரத்தின் மேல்தான் நிற்கிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டிலும் தெருவிலும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விண்ணப்பம் எழுதவும் சான்றிதழைப் படித்துச் சொல்லவும் ஊரார் நம்மையே தேடி வருகிறார்கள். தொலைநிலையில் சேர விரும்பும் ஒருவருக்காக மேற்கண்ட ஐந்து வினாக்களைக் கேட்டுச் சொல்ல அரைமணி நேரம் போதும். மூன்றாண்டு உழைப்பும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் வீணாகாமல் காக்க நாம் செய்யக்கூடிய இச்சிறு தொண்டைத் தவறாமல் செய்வோமாக.