பாதை எல்லோருக்கும்

சைக்கிள் நமக்கு நன்றாகத் தெரிந்த வண்டி. சைக்கிளில் வேலைக்குப் போகிறோம். பால் கேன் கட்டுகிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

வெளிநாட்டில் எப்படி? கார் வைத்திருக்கும் ஊரில் சைக்கிளை யார் தொடுவார்கள் என்று நினைக்கலாம். ஆனால் கார் வைத்திருப்பவரும் சைக்கிள் ஓட்டும் நகரம் ஒன்று உண்டு. அதன் பெயர் எடின்பரோ. அந்த ஊரைப் பற்றிப் படிப்போம்.

எங்கே இருக்கிறது?

பிரிட்டன் தீவின் வடக்குப் பகுதி ஸ்காட்லாந்து. அதன் தலைநகரம் எடின்பரோ. இங்கே 5 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள்.

ஊரின் நடுவில் ஒரு பெரிய பாறை. அதன் மேல் ஒரு பழைய கோட்டை. சற்றுத் தள்ளி ஒரு குன்று இருக்கிறது. அதன் உயரம் 251 மீட்டர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது எரிமலையாக இருந்தது. இன்று அங்கே புல் வளர்ந்திருக்கிறது. மக்கள் ஏறி இறங்குகிறார்கள்.

எடின்பரோ மேடும் பள்ளமுமான ஊர். குளிரும் காற்றும் அதிகம். மழை கொட்டுவது குறைவு, தூறலே அதிகம். டிசம்பரில் காலை 8.40 மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை 3.40 மணிக்கே மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் இதற்கு நேர் மாறு. காலை 4.30 மணிக்கே விடிந்துவிடும். இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் வெயில் அடிக்கும் நாளை யாரும் வீணாக்க மாட்டார்கள். குடும்பத்தோடு வெளியே கிளம்பிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, எட்டு வயது மகள், மூன்று வயது மகன். நான்கு மாடிக் கல் கட்டடத்தில் அவர்கள் வீடு. பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே மாடிப்படி. துணி உலர்த்தக் கட்டடத்தின் பின்னால் பொதுவான புல்தரை உண்டு.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. ஓட்ஸ் என்பது குளிரிலும் ஈரத்திலும் விளையும் தானியம். ஸ்காட்லாந்து மக்கள் பல நூறு ஆண்டுகளாக அதைக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள். பிறகு பையில் ரொட்டி, பழம், பிளாஸ்க்கில் தேநீர். மழைக் கோட்டும் மறக்கக் கூடாது.

மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கி இறக்குவது பெரிய வேலை. படியிலேயே நிறுத்தினால் மற்றவருக்கு வழி அடைபடும். தீப்பிடித்தால் ஓட முடியாது. தெருவில் நிறுத்தினால் திருட்டுப் பயம். அதனால் நகராட்சி பல தெருக்களில் பூட்டுப் போட்ட சைக்கிள் கூடுகளை வைத்திருக்கிறது. ஒரு கூட்டில் ஆறு சைக்கிள் நிற்கும். மாத வாடகை கட்டினால் சாவி கிடைக்கும்.

கிளம்பும் முன் அப்பா மூன்றைப் பார்க்கிறார். டயரில் காற்று இருக்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? செயின் தளர்ந்திருக்கிறதா? சிறுவனைப் பின் இருக்கையில் உட்காரவைத்து வார் கட்டுகிறார். மகளுக்குத் தனிச் சைக்கிள். அவள் நடுவில் போவாள். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். இருட்டிய பின் ஓட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். அது அந்த நாட்டுச் சட்டம்.

குதிரை இழுத்த ரயில்

முதலில் மெடோஸ் என்னும் பெரிய புல்வெளி. முன் காலத்தில் அங்கே ஓர் ஏரி இருந்தது. பிறகு நீரை வடித்து, இடத்தைப் பொதுத் திடல் ஆக்கினார்கள். அங்கே கட்டடம் கட்டக் கூடாது என்று 1827-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் பாதைகள் இருக்கின்றன. இங்கே கார் வராது.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு சுரங்கப் பாதை வரும். அதன் நீளம் சுமார் 500 மீட்டர். உள்ளே வரிசையாக விளக்குகள். பேசினால் எதிரொலி கேட்கும். சிறு பிள்ளைகள் கத்திக் கத்திச் சிரிப்பார்கள்.

"அம்மா, இதை எதுக்குத் தோண்டினாங்க?" என்று மகள் கேட்பாள்.

"ரயில் போறதுக்குடா கண்ணு" என்பாள் அம்மா.

உண்மைதான். 1831-ஆம் ஆண்டில் இந்த ரயில் பாதை திறக்கப்பட்டது. பக்கத்து ஊர்ச் சுரங்கங்களிலிருந்து எடின்பரோவுக்கு நிலக்கரி வந்தது. பெட்டிகளை இழுத்தது எஞ்சின் அல்ல, குதிரை! அந்தக் காலத்தில் நீராவி எஞ்சினைக் கண்டு மக்கள் பயந்தார்கள். குதிரை ரயிலோ மெதுவாகப் போனது. அதனால் அதற்கு 'அப்பாவி ரயில்' என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தில் இன்னசென்ட் ரயில்வே என்பார்கள்.

1968-ஆம் ஆண்டில் அந்தப் பாதையில் ரயில் நின்றது. தண்டவாளம் போனது. ஆனால் நிலம் வீணாகவில்லை. சைக்கிளும் நடப்பவரும் போகும் பாதையாக மாற்றினார்கள். எடின்பரோவில் இப்படி மாறிய பழைய ரயில் பாதைகள் பல உண்டு. ரயிலுக்குப் போட்ட பாதையில் செங்குத்தான ஏற்றம் இருக்காது. மேடு நிறைந்த ஊரில் குழந்தைகளுக்கு இது பெரிய உதவி.

சுரங்கத்தைத் தாண்டினால் குன்றின் அடிவாரம். அருகே ஓர் ஏரி. அங்கே நீர்ப் பறவைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. இன்னும் போனால் கடற்கரை வந்துவிடும். போர்ட்டபெல்லோ என்பது அந்த இடத்தின் பெயர். பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவார்கள். பெரியவர்கள் தேநீர் குடிப்பார்கள்.

இன்னொரு நாள் கால்வாய்க் கரையில் போகலாம். அந்தக் கால்வாய் 1822-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 50 கிலோமீட்டர். முன்பு குதிரைகள் கரையில் நடந்து படகை இழுத்தன. இன்று அதே கரையில் சைக்கிள் ஓடுகிறது. கரை குறுகலானது. எதிரே ஆள் வந்தால் மணி அடித்து, வேகம் குறைத்து, வழிவிட வேண்டும்.

டயருக்குள் காற்று

பழைய சைக்கிள் சக்கரங்களில் கட்டி ரப்பர்தான் இருந்தது. சிலவற்றில் இரும்புப் பட்டை. கல்லில் ஏறினால் உடம்பெல்லாம் நோகும்.

டன்லப் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தவர். பிறகு அயர்லாந்தில் வேலை பார்த்தார். அவருடைய மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். மகன் குலுங்காமல் ஓட்ட வேண்டும் என்று அப்பா நினைத்தார். 1887-ஆம் ஆண்டில் சக்கரத்தின் மேல் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் காற்று அடைத்தார். வண்டி மெத்தென்று ஓடியது.

அவருக்கு முன்பே இதை நினைத்தவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான். அவர் பெயர் தாம்சன். 1845-ஆம் ஆண்டில் அவர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். ஆனால் அப்போது சைக்கிள் பெருகவில்லை. அதனால் அது பரவவில்லை.

இதெல்லாம் தானாக வந்ததா?

இல்லை. எடின்பரோவிலும் சாலைகள் காருக்காகவே அகலமாயின. 1960-களில் மெடோஸ் புல்வெளி வழியாகவே பெரிய சாலை போடத் திட்டம் இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

1977-ஆம் ஆண்டில் சைக்கிள் ஓட்டுபவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் ஸ்போக்ஸ். சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைத்தான் ஸ்போக்ஸ் என்கிறோம். ஒரு கம்பி தனியாக எடையைத் தாங்காது. எல்லாக் கம்பிகளும் சேர்ந்தால் தாங்கும். சங்கமும் அப்படித்தான். அவர்கள் சைக்கிள் பாதைகளின் வரைபடம் அச்சிட்டார்கள். நகராட்சிக்கு மனு எழுதினார்கள். கூட்டம் போட்டார்கள்.

2012-ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் மெடோஸ் புல்வெளியில் கூடினார்கள். குழந்தைகளும் சிறிய சைக்கிளில் வந்தார்கள். அங்கிருந்து ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் வரை ஊர்வலமாக ஓட்டினார்கள். "சைக்கிளுக்குப் பணம் ஒதுக்குங்கள். பாதுகாப்பான பாதை போடுங்கள். வீடுகள் உள்ள இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்" என்று கேட்டார்கள்.

அதே ஆண்டில் நகராட்சி ஒரு முடிவு எடுத்தது. சாலைப் போக்குவரத்துப் பணத்தில் 100-க்கு 5 பங்கு சைக்கிளுக்கு என்று ஒதுக்கியது. 2016 முதல் 2018 வரை, பெரும்பாலான தெருக்களில் வேகத்தைக் குறைத்தார்கள். முன்பு மணிக்கு 48 கிலோமீட்டர். இப்போது 32 கிலோமீட்டர்தான்.

இதனால் என்ன பயன்? ஒரு குழந்தை பந்தின் பின்னால் தெருவுக்கு ஓடுகிறது. 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 12 மீட்டரில் நின்றுவிடும். இந்த 11 மீட்டரில் ஒரு உயிர் பிழைக்கலாம்.

2024-ஆம் ஆண்டு முதல் நடைபாதையில் கார் நிறுத்தினால் அபராதம். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், கண் தெரியாதவருக்கும் இதனால் வழி கிடைத்தது.

குறைகளும் உண்டு

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. 2014-ஆம் ஆண்டில் நகரத்தில் டிராம் ஓடத் தொடங்கியது. தெருவில் தண்டவாளம் பதித்தார்கள். சைக்கிள் சக்கரம் அதன் இடுக்கில் மாட்டிப் பலர் விழுந்தார்கள். 2017-ஆம் ஆண்டில் அப்படி விழுந்த ஓர் இளம்பெண், பின்னால் வந்த வண்டி மோதி இறந்தார். அதன் பிறகுதான் சில சந்திப்புகளைத் திருத்தினார்கள். தண்டவாளத்தைக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டும்.

புதிய சைக்கிள் பாதை போடும்போது சண்டையும் வரும். "கார் நிறுத்த இடம் போகிறதே, வியாபாரம் என்ன ஆகும்?" என்று கடைக்காரர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. கூட்டத்தில் பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

உரிமையும் பொறுப்பும்

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. மலை, காடு, ஆற்றங்கரை என்று பெரும்பாலான இடங்களில் யாரும் நடக்கலாம். சைக்கிள் ஓட்டலாம். நிலம் தனியாருடையது என்றாலும் போகலாம். ஆனால் மோட்டார் வண்டிக்கு இந்த உரிமை இல்லை. வீட்டுத் தோட்டத்துக்குள் போகக் கூடாது. பயிரை மிதிக்கக் கூடாது. திறந்த கதவை மூடாமல் போனால் ஆடு மாடு ஓடிவிடும். குப்பையை அங்கே போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுப்போடு நடப்பவருக்கே அந்த உரிமை.

எட்டு வயதுப் பிள்ளை பயமில்லாமல் ஓட்டக்கூடிய பாதையில் எண்பது வயதுக்காரரும் பயமில்லாமல் நடக்கலாம். அப்படிப்பட்ட பாதையைக் கேட்பது எல்லோருக்கும் உரியது.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் ஆபத்தான இடம் எது? அதை எப்படிச் சரி செய்யலாம்?
2. பழைய ரயில் பாதையை எடின்பரோ மக்கள் என்ன செய்தார்கள்? உங்கள் ஊரில் பயன்படாமல் கிடக்கும் பொது இடம் உண்டா?
3. சாலையைச் சரி செய்யக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். யாருக்கு எழுதுவீர்கள்?

கணக்குப் போடுவோம்

கால்வாயின் நீளம் 50 கிலோமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எத்தனை மணி நேரம் ஆகும்?

புதிய சொற்கள்

சுரங்கப் பாதை - மலையைக் குடைந்து அல்லது தரைக்கு அடியில் போட்ட வழி
வரைபடம் - ஊரையும் வழியையும் காட்டும் படம்
மனு - குறையைச் சொல்லி எழுதிக் கொடுக்கும் கடிதம்
அபராதம் - சட்டத்தை மீறினால் கட்டும் பணம்