பேரீச்சம்பழமும் பழைய செம்பும்

ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வந்த வியாபாரியை நம்மில் பலர் அறிவோம். ஓட்டைக் குடத்தைக் கொடுத்துப் பழம் வாங்கிய பாட்டிமார், தாம் அறியாமலே நாட்டுக்கு ஒரு நன்மையும் செய்தனர். அந்நன்மை யாது என்பதே இம்மாதப் பாடம்.

செம்பு, ஈயம், அலுமினியம், வெள்ளி போன்ற இரும்பல்லாத உலோகங்களை உரிய முறையில் எத்தனை தடவை உருக்கினாலும் அவற்றின் குணம் கெடுவதில்லை. நெசவாளருக்கு இது புதிதன்று. கிழிந்த பட்டுச் சேலையின் சரிகையிலிருந்து வெள்ளி எடுப்பதை அவர்கள் அறிவர்.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். புதிதாக 1 டன் அலுமினியம் செய்ய 4 முதல் 5 டன் பாக்சைட் தாதுவும், உருக்காலையில் மட்டும் ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். செந்நிறச் சேறும் கழிவாக மிஞ்சும். மேட்டூர் ஆலைக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் ஒரு காலத்தில் இத்தாது வெட்டப்பட்டது. பழைய பாத்திரத்தை உருக்குவதற்கோ, புதிது செய்யும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். அஃதாவது, 1 கிலோ பழைய சட்டி உருக்காலைக்குச் சென்றால், எங்கோ ஒரு மலையில் 4 கிலோ தாது வெட்டப்படாமல் நிற்கிறது.

ஆயினும், முறை தவறினால் நன்மையே தீமையாகும். மாமல்லபுரத்தை அடுத்த ஒரு கிராமத்துக்குத் தணிக்கைக்காகச் சென்றபோது, ஒரு சிறுவன் செம்புக்காக மின்கம்பிகளைக் கொளுத்திக்கொண்டிருந்ததைக் கண்டோம். கம்பியின் மேலுறை எரியும் புகையில் டயாக்சின் என்னும் நஞ்சு உண்டு. கத்தியால் உரித்தால் செம்பும் கருகாது, மார்பும் கெடாது.

ஈயம் இன்னும் கொடிது. வலைக்குரிய ஈயக் குண்டு வார்ப்பதற்கு விறகடுப்பே போதும் என்பதால், சிலர் வீட்டிலேயே உருக்குகின்றனர். அதன் ஆவியும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். பழைய பேட்டரியை உடைத்து, அமிலத்தைக் கிணற்றடியிலோ பாலாற்று மணலிலோ கொட்டுவது பெருந்தவறு. உடைக்காமல் விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். பேட்டரிக் கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன.

தனியொருவர் கொண்டுசெல்லும் 2 கிலோ செம்புக்குக் காயலான் கடைக்காரர் சொன்னதே விலை. ஐம்பது குடும்பங்கள் உலோகவாரியாகப் பிரித்துச் சேர்த்தால் எடையும் நம்முடையது, பேரமும் நம்முடையது. கூட்டுறவின் பயன் இதுவன்றோ?

அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டியவை:

1. பம்புசெட் மோட்டார்களின் பழைய செம்புக் கம்பி இப்போது எங்கே, என்ன விலைக்குப் போகிறது?

2. நம் ஊரில் எவரேனும் கம்பி எரிக்கின்றனரா, ஈயம் உருக்குகின்றனரா? அவர்களுக்கு மாற்று வழியாகச் சங்கம் என்ன செய்யலாம்?